பிரித்துப் போட்டால் போதும் என்கிறவர்களுக்கு

"எதுக்கு சார் இன்னொரு டிஸ்க்? இருக்கிறதையே ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் லினக்ஸ் போட்டுக்கலாம். வீண் செலவு." ஆர்.கே.பேட்டையில் கேட்டாலும் திருத்தணியில் கேட்டாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கேட்டாலும் கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்வது இதுதான். ஏமாற்றுகிற நோக்கம் அவருக்குத் துளியும் இல்லை. ஒரு எஸ்எஸ்டியை நம் தலையில் கட்டி லாபம் பார்க்கிற வாய்ப்பை அவராகவே விட்டுக்கொடுக்கிறார். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் தவறான யோசனையை மறுப்பது சங்கடமான வேலை. ஆனாலும் இது தவறான யோசனைதான். நம் மாநில அரசே லட்சக்கணக்கான கணினிகளில் செய்து பார்த்து, பலன் காணாமல் போன யோசனையும்கூட.

இரண்டு இயங்குதளம் என்பது ஒரு காலத்தில் ஆர்வக்கோளாறு பிடித்த சிலரின் பொழுதுபோக்கு. இப்போது அப்படி இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, ஏற்பதில்லை. விசைத்தறிக் கூடத்தின் மூலையில் பஞ்சுத் தூசி படிந்து நிற்கும் கணினியை நினைத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி தாக்கல், டேலி, இ-வே பில், எப்போதாவது ஒரு பிரிண்ட். அது ஆறாம் தலைமுறையாகவோ நாலாம் தலைமுறையாகவோ இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற பொருளைத் தூக்கிப்போடுகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

விண்டோஸை அடியோடு விட்டுவிடவும் முடியாது. டேலி அதில்தான் ஓடும். டிஜிட்டல் கையொப்ப டோங்கிள் அதில்தான் தகராறு பண்ணாமல் வேலை செய்யும். ஜக்கார்டு டிசைன் போடுகிற மென்பொருள்களில் பெரும்பாலானவை அதற்கென்றே எழுதப்பட்டவை. ஆனால் புதுப்பிப்பு நின்றுபோன அதே விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது புத்திசாலித்தனம் இல்லை. கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ் தெரிந்தால் வேலைக்கு ஆகும். ஆக, ஒரே கணினியில் இரண்டும் வேண்டும். இந்த இடத்தில்தான் கடைக்காரரின் சிக்கன யோசனை உள்ளே வருகிறது.

அந்தச் சிக்கனத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். ஏற்கெனவே விண்டோஸும் தரவும் நிறைந்திருக்கிற டிஸ்க்கைச் சுருக்கி இடம் பண்ணுவதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மறுக்கிற மெக்கானிக் யாரும் இல்லை. லினக்ஸை நிறுவச் சொல்லித்தருகிற எல்லா வழிகாட்டிகளும் முதல் வரியிலேயே இதைத்தான் சொல்கின்றன. சரி, ஐந்து வருட டேலி கணக்கையும் குடும்பப் புகைப்படங்களையும் டிசைன் கோப்புகளையும் எதில் நகல் எடுப்பது? இன்னொரு டிஸ்க்கில். அந்த இன்னொரு டிஸ்க் கையில் இருந்தால் லினக்ஸை அதிலேயே நிறுவிவிடலாமே, இருப்பதை ஏன் வெட்ட வேண்டும்? அந்த டிஸ்க் இல்லை என்றால், நகல் எடுக்காமலேதான் வெட்டப்போகிறார்கள். பிரித்துப் போடுவதில் மிச்சமாகும் பணம் எல்லாம் நகல் எடுக்காமல் விட்டதில் மிச்சமான பணம்தான். இதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நகல் எடுத்துவிட்டு வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுவது எப்படி நடக்கிறது? விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க்' கொடுத்தால், பாதிக்கு மேல் காலியாக இருக்கும் 500 ஜிபி டிஸ்க்கில்கூடக் கொஞ்சம்தான் சுருங்கும் என்று அது சொல்லக்கூடும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, கோப்புப் பட்டியல் ஆகியவை இடம்பெயராமல் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்ட வேறு ஒரு மென்பொருள், அதுவும் பல நேரம் எங்கிருந்தோ இறக்கிய திருட்டுப் பிரதி.

பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க் என்றால் இன்னொரு தொல்லை. அதில் முதன்மைப் பகுதிகள் நாலுக்கு மேல் போக முடியாது. கம்பெனி லேப்டாப்பில் விண்டோஸ் துவங்குவதற்கு ஒன்று, சி டிரைவ் ஒன்று, ரெக்கவரி ஒன்று, தயாரிப்பாளரின் சொந்தச் சமாச்சாரம் ஒன்று என்று நாலும் தீர்ந்திருக்கும். ஐந்தாவது கேட்டால், டிஸ்க்கை 'டைனமிக்' ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். அவசரத்தில் 'எஸ்' அழுத்திவிட்டால் லினக்ஸ் நிறுவலுக்கு அங்கே கதவு சாத்தப்பட்டது என்று அர்த்தம். பழைய நிலைக்குத் திரும்பப் பொதுவாக டிஸ்க்கை முழுதும் காலிசெய்ய வேண்டும். காலிசெய்ய, மறுபடியும் இன்னொரு டிஸ்க்.

புதிய கணினிகளில் தொல்லை வேறு ரூபத்தில் இருக்கிறது. 2024 கடைசியில் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. பூட்டிய டிஸ்க்கை உபுண்டு நிறுவி சுருக்க மறுத்து, முதலில் பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். வேறு வழியில் துவக்க ஏற்பாட்டைக் குடைந்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்கத் திறவெண்ணைக் கேட்டு நிற்கும். அது எந்த மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கை உருவாக்கிக் கொடுத்த பையன் இப்போது எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்று தேடுவது தனிக் கதை. தனி டிஸ்க் போடுகிறவர் முதல் டிஸ்க்கின் பூட்டைத் தொடவே வேண்டியதில்லை.

இவ்வளவும் நிறுவும் நாளில் வருகிற ஆபத்து. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இருக்கிற ஆபத்து ஒன்று உண்டு. பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கின் மேல் எழுதிவைத்த ஒரு பட்டியல், அவ்வளவுதான். உள்ளே சுவர் ஏதும் எழும்புவதில்லை. ஹார்டு டிஸ்க் என்றால் அதே தட்டு, அதே மோட்டார், அதே ஊசி முனை. எஸ்எஸ்டி என்றால் அதே கட்டுப்பாட்டுச் சிப். அது போனால் இரண்டு இயங்குதளமும் ஒரே நொடியில் போகும். மின்னழுத்தம் ஏறி இறங்குகிற, யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்கில் மாற்றப்படாத இடங்களில் இதை நான் விளக்கவே வேண்டாம். விண்டோஸ் எழுந்திருக்காத காலையில், லினக்ஸில் ஏறி உள்ளே இருக்கும் கணக்குக் கோப்பை மீட்டெடுக்கலாம் என்பதுதான் இரண்டாவது இயங்குதளத்தின் மிகப்பெரிய பயன். இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், அந்தக் காலையில் மீட்கப் போக வேண்டியவனும் படுத்துக்கிடப்பான்.

விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் தனித்தனி மின் இணைப்பு வைத்திருக்கிறீர்கள். விசைத்தறிக்குக் கட்டண விகிதம் வேறு. இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்தது 2023-இல் 1,000 ஆயிற்று. வீட்டுக்கு அப்போது 100 யூனிட்தான். ஒரே இணைப்பில் இரண்டையும் கோத்துக்கொள்ளலாமே, இன்னொரு மீட்டருக்கு ஏன் வீண் செலவு என்று யாராவது கேட்டால் சிரிப்பீர்கள். கணக்குக் குழம்பும், ஒன்றில் கோளாறு வந்தால் மற்றதும் அணையும், நாளைக்கு ஒன்றை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. டிஸ்க்குக்கும் இந்த மூன்று காரணமும் வரி பிசகாமல் பொருந்தும்.

இனி, அரசு செய்து பார்த்த பரிசோதனை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் துவக்கிவைத்தார். மாநில அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அந்த ஒரே டிஸ்க்கில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் 'பாஸ்' லினக்ஸும் பக்கம்பக்கமாகக் குடிவைக்கப்பட்டிருந்தன. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ். அதன் பெரும்பகுதி வேலை நடந்தது சென்னையில். இந்திய மொழிகளில் இயங்கும் ஓர் இயங்குதளத்தை, கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளை கையில் இவ்வளவு பெரிய அளவில் கொண்டுபோய்க் கொடுத்த மாநிலம் அன்றைக்கு உலகத்தில் எத்தனை இருந்திருக்கும்?

அந்த பாஸ் என்ன ஆனது? அந்த மடிக்கணினியை வாங்கிய யாரையாவது கேளுங்கள். "ஃபார்மேட் பண்ணும்போது போயிடுச்சு" என்பார்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மைக்ரோசாஃப்ட்டே கை கால் கட்டி அனுப்பிய பதிப்பு. அதில் டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயதுப் பிள்ளை முதல்முதலாகச் சொந்தக் கணினி வாங்கிவந்து, தனக்குப் பிடித்த நடிகர் படத்தைப் போட முடியவில்லை என்றால் என்ன செய்யும்? கடைக்குப் போகும். கடைக்காரர் விண்டோஸ் 7 அல்டிமேட் திருட்டுப் பிரதியைப் போடுவார். போடுவதற்கு முன், வழக்கம்போல, எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து சி, டி, ஈ என்று புதிதாகப் பிரிப்பார். பாஸ் இருந்த இடம் அவர் திரையில் பெயரில்லாத, படிக்க முடியாத ஒரு துண்டு, அதையும் அழிப்பார். பாஸ் மேல் யாருக்கும் கோபம் இருந்ததில்லை. பக்கத்து வீட்டை இடிக்கும்போது சேர்ந்து இடிபட்டது, அவ்வளவே.

இதிலிருந்து நாடு என்ன முடிவுக்கு வந்தது? 'நம்ம ஊருக்கு லினக்ஸ் ஒத்துவராது' என்ற முடிவுக்கு. அதிகாரிகளும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் இன்றைக்கும் அந்த மடிக்கணினியைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இந்தத் தீர்ப்பைத்தான் நான் முழுமூச்சாக மறுக்கிறேன். பாஸில் குறை இல்லை என்று வாதாட வரவில்லை. மென்பொருள்கள் பழையவையாக இருந்தன. சொல்லிக்கொடுக்கப் பெரும்பாலான பள்ளிகளில் ஆள் இல்லை. பாடத்திட்டம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஒரு பொருளைப் பயன்படுத்திப் பார்த்துப் பிடிக்காமல் கைவிடுவது வேறு, பயன்படுத்தும் முன்பே அது அழிந்துபோவது வேறு. இங்கே பெரும்பாலும் நடந்தது இரண்டாவது.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். இதே எல்காட்டில், 2000-களின் பிற்பகுதியில் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அலுவலகக் கணினிகளை சூஸே லினக்ஸுக்கு மாற்றினார்கள். ஊழியர்கள் வேலை பார்த்தார்கள், கோப்புகள் நகர்ந்தன. கேரளத்தில் ஐ.டி.@ஸ்கூல் திட்டம், பிறகு அதுவே கைட் நிறுவனமாகி, பள்ளிக் கணினிகளைப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனது. பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வே அதில்தான் நடக்கிறது. இரண்டு இடத்திலும் லினக்ஸுக்கு டிஸ்க் முழுதாகக் கிடைத்தது. அங்கே மலையாளப் பிள்ளைக்கு ஒத்துவந்தது, ஆர்.கே.பேட்டைப் பிள்ளைக்கு ஒத்துவராமல் போக என்ன இருக்கிறது? அரசியல் உறுதி, ஆசிரியர் பயிற்சி எல்லாம் அங்கே இருந்தன என்பீர்கள். இருந்தன. அவற்றோடு, யாரும் போகிற போக்கில் அழித்துவிட முடியாத இடமும் இருந்தது.

அப்போதே இரண்டு டிஸ்க் கொடுத்திருக்க முடியுமா என்று கேட்டால், முடியாதுதான். அது மடிக்கணினி. போதாக்குறைக்கு, திட்டம் துவங்கிய அடுத்த மாதமே தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கி உலகம் முழுக்க விலை ஏறிய காலம். 2011-இல் டிஸ்க்கைப் பிரித்தது கையாலாகாமையில் செய்த காரியம். அன்றைக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கையாலாகாமையை இன்றைக்கும் ஒரு நல்ல வழிமுறை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

எதிர்த்தரப்பில் கெட்டிக்காரர்கள் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "தனி டிஸ்க் போட்டும் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்களே, 2024 ஆகஸ்ட்டில் என்ன நடந்தது?" நியாயமான கேள்வி. அந்த மாத விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய லினக்ஸ் துவக்கிகளில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக ஒரு தடைப்பட்டியலைப் போட்டது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளை விட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தும், பலருடைய லினக்ஸ் துவங்க மறுத்தது. மைக்ரோசாஃப்ட் அதை முழுதாகச் சரிசெய்ய 2025 மே வரை ஆயிற்று. அந்தப் பட்டியல் உட்கார்ந்த இடம் டிஸ்க் கிடையாது, மதர்போர்டின் நினைவகம். ஆகவே தனி டிஸ்க் அதைத் தடுக்கவில்லை. இதை மறைத்து என்ன பயன்? ஆனால் அந்த நாளில் இரு தரப்பாருக்கும் நேர்ந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். தனி டிஸ்க்காரருக்குத் தெளிவு இருந்தது. பயாஸில் 'செக்யூர் பூட்' வசதியை நிறுத்தி, லினக்ஸில் ஏறி, புதுப்பித்துவிட்டுத் திரும்பினார். முதல் டிஸ்க் பூட்டியிருந்தால் அந்த 48 இலக்கத்தை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டால் போதும். ஒரே டிஸ்க்காரரின் திரையில் முதலில் வருவது லினக்ஸின் 'க்ரப்' துவக்கப் பட்டியல். விண்டோஸுக்குப் போகும் வழியும் அதற்குள்தான் இருக்கிறது. அது மறுத்துவிட்டால் சாதாரண உரிமையாளருக்கு இரண்டும் போய்விட்ட மாதிரி. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள் என்றால் அவர் அடுத்துச் செய்யப்போவது என்ன? கடைக்கு ஓடி "எல்லாத்தையும் அழிச்சு விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடு."

இன்னொரு குற்றச்சாட்டு இன்னும் கனமானது: "தனி டிஸ்க்தான் போட்டோம், பழைய டிஸ்க்கைக் கழற்றினதும் புதுசும் எழுந்திருக்கல." நடக்கிற விஷயம்தான். இதற்குக் காரணம் வேலை செய்த விதம். இன்றைய கணினிகளில் துவக்கக் கோப்புகள் இ.எஃப்.ஐ. என்ற சின்னப் பகுதியில் இருக்கும். உபுண்டு குடும்பத்தின் பழைய நிறுவி, இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துச் சொன்னாலும், துவக்கியை முதல் டிஸ்க்கில் உள்ள விண்டோஸின் இ.எஃப்.ஐ. பகுதியில் கொண்டுபோய் வைத்துவிடும். வருடக்கணக்கில் புகார் செய்யப்பட்ட குறை அது. விண்டோஸும் யோக்கியம் இல்லை. இரண்டாவது டிஸ்க்கில் விண்டோஸை நிறுவினால், முதல் டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கிற இ.எஃப்.ஐ. பகுதியில் தன் கோப்பைப் போட்டுவிட்டு வரும். வீடு ஒரு தெருவில், சாவி இன்னொரு தெருவில். இப்படி நிறுவியதைத் தனி டிஸ்க் என்று சொல்லவே கூடாது.

மருந்து மிக எளியது, காசும் ஆகாது. நிறுவும்போது முதல் டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். எம்.2 வகை என்றால் ஒரு திருகைக் கழற்றி எடுத்துவிடலாம். சில போர்டுகளில் பயாஸிலேயே அந்த இணைப்பை அணைத்துவைக்கலாம். புது டிஸ்க் மட்டும் தனியாக இருக்கும்போது பென் டிரைவிலிருந்து நிறுவினால், நிறுவிக்குத் தப்பு செய்ய வேறு இடமே இருக்காது. வேலை முடிந்து, ஒருமுறை துவங்கிப் பார்த்துவிட்டு, பழையதை மாட்டலாம். கடைக்காரர் இதைச் செய்வதில்லை. மூடியைக் கழற்றச் சோம்பல். தன் சோம்பலால் வந்த கோளாறை, தனி டிஸ்க் முறையின் கோளாறாகச் சொல்லிவிடுகிறார்.

அப்புறம், எப்படி மாறிமாறிப் போவது? கணினியைப் போட்டதும் எஃப்12 அழுத்தினால் (சில கம்பெனியில் எஃப்11, சிலதில் எஃப்8 அல்லது எஃப்9) எந்த டிஸ்க் என்று கேட்கும். தினமும் யார் அழுத்துவது என்பது ஓர் ஆட்சேபம். தினமும் அழுத்த வேண்டாம். எதை அதிகம் பயன்படுத்துகிறோமோ அதைப் பயாஸில் முதலில் வைத்துவிட்டு, மற்றது வேண்டும் என்கிற நாளில் மட்டும் அழுத்தினால் போதும். டேலி மட்டும் தெரிந்த கணக்கெழுதுபவர், அந்தக் கணினிக்குள் லினக்ஸ் இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கலாம். திரையில் புரியாத கறுப்புப் பட்டியல் வந்து அவரை மிரட்டாது.

தனி டிஸ்க் தீர்க்காத தொல்லைகளும் உண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டும். லினக்ஸ் மதர்போர்டில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நேரம் தப்பினால் ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பம்கூட மறுக்கப்படலாம். லினக்ஸ் பக்கம் ஒரே கட்டளையில் சரியாகிற விஷயம் இது. அதே மாதிரி விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இருக்கும்வரை, அது முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிஸ்க்கில் எழுதப் போகக் கூடாது. அதை நிறுத்திவிட வேண்டும். இவை இரண்டும் எந்த முறையில் போட்டாலும் வருபவை.

விர்ச்சுவல் மெஷின் போதுமே என்பவர்களிடம் அதிகம் பேச ஒன்றும் இல்லை. 16 ஜிபி நினைவகம் இருந்தால் தாராளமாகச் செய்யட்டும். தறிக்கூடத்து 4 ஜிபி கணினியில் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டினால் இரண்டுமே மூச்சுத்திணறும். அதைவிட முக்கியம், பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸின் மடியில் உட்கார்ந்துகொண்டு வங்கி வேலை பார்ப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பட்டறைகளுக்கு இந்த விவாதம் வேறு மாதிரிப் படும். சிஎன்சி இயந்திரத்தோடோ எடைமேடையோடோ கட்டிவைத்த கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியோ 7-ஓ ஓடும். அந்த மென்பொருளை விற்றவர் தொழிலை விட்டே போயிருப்பார். நிறுவல் சிடி இருக்காது. டோங்கிள் ஒன்றுதான் மிச்சம். அந்த டிஸ்க்கில் யாராவது பார்ட்டிஷன் பிரிக்கிறேன் என்று உட்கார்ந்தால் கையைப் பிடித்து எழுப்புங்கள். முதலில் அதற்கு முழு நகல் எடுக்க வேண்டும், மூலத்தைக் கழற்றி அலமாரியில் வைத்து நகலை ஓட்ட வேண்டும். வேறு இயங்குதளம் தேவை என்றால் அது வேறு டிஸ்க்கில் வரட்டும். ஒரு நாள் இயந்திரம் நின்றால் ஆகிற நஷ்டத்துக்குப் பத்து டிஸ்க் வாங்கலாம் என்பது அந்தப் பட்டறைக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியாக விலை. சில ஆண்டுகளாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய்க்குள் சாதாரணமாகக் கிடைத்தது. 2025 கடைசியிலிருந்து நினைவகச் சிப்புகளை ஏஐ கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறியிருக்கிறது. 'பார்த்தீர்களா, வீண் செலவு' என்று கடைக்காரர் சொல்ல இது இன்னும் வசதி. ஆனால் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? லினக்ஸ் மின்ட் நிறுவ 20 ஜிபி போதும், தாராளமாக இருக்க 100 ஜிபி. திரை உடைந்தோ பேட்டரி போயோ பரண்மேல் கிடக்கிற அந்தப் பழைய விலையில்லா மடிக்கணினிக்குள் 320 ஜிபி டிஸ்க் இருக்கிறது. இரண்டரை அங்குலம், சாட்டா. டெஸ்க்டாப்பில் அப்படியே மாட்டலாம். மாட்டும் முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் தொட வேண்டாம். எஸ்எஸ்டி வேகம் இருக்காது, எழுந்திருக்க ஒரு நிமிடம் கூடுதலாகத்தான் ஆகும். இரண்டு இயங்குதளத்தை ஒரே புது எஸ்எஸ்டியில் நெருக்கிவைப்பதைவிட அது மேல். மடிக்கணினியில் இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் இல்லை என்றால், டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் 'கேடி' என்கிற சட்டகம் போட்டு மாட்டலாம், அல்லது யூஎஸ்பி உறையில் போட்டு வெளியிலிருந்தே துவக்கலாம்.

2026 ஜனவரியில் அரசு மறுபடியும் மடிக்கணினி கொடுக்கத் துவங்கியிருக்கிறது, இம்முறை கல்லூரி மாணவர்களுக்கு. 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ். 2011-இல் 320 ஜிபியில் இரண்டு குடித்தனம்; இப்போது வீடு இன்னும் சிறியது, விண்டோஸோ பல மடங்கு பருத்துவிட்டது. இடம் போதவில்லை என்றதும் மாணவர் முதலில் அழிப்பது எதை என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அழித்ததும், பழைய தீர்ப்பையே மறுபடி எழுதுவார்கள். எல்காட்டுக்கு என் கோரிக்கை இது: உள் டிஸ்க்கை விண்டோஸுக்கே முழுதாக விட்டுவிடுங்கள். பாஸை ஒரு சின்ன யூஎஸ்பி எஸ்எஸ்டியில் நிறுவி, சார்ஜரோடு அதே பையில் கொடுங்கள். பல லட்சம் எண்ணிக்கையில் வாங்கும்போது அதற்கு ஆகும் செலவு, வாங்கியும் யாரும் பயன்படுத்தாத ஓர் இயங்குதளத்தை மீண்டும் ஒரு தலைமுறைக்கு ஏற்றி அனுப்புவதைவிடக் குறைவுதான். மாணவர் மடிக்கணினியை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் அது அழியாது. மேசை இழுப்பறையில் கிடந்து, என்றைக்காவது விண்டோஸ் படுத்துவிட்ட நாளிலோ லினக்ஸ் தேர்வுக்கு முந்தின நாளிலோ கைக்கு வரும். வீட்டில் இருக்கும் தறிக்கூடத்துக் கணினியிலும் அதையே செருகி ஓட்டிக்கொள்ளலாம்.